சாந்தினியின் இடது முன்னங்கால்

சாரதாமணி அந்தக் குதிரையைக் கேட்டு வாங்கியவள் அல்ல. அவள் கணவன் ரமேஷ்குமார் போர்வெல் ரிக் ஓட்டுபவன். திருச்செங்கோட்டு முதலாளியின் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போனால் மழைக்காலத்தில்தான் மோகனூர்ப் பக்கம் திரும்புவான். நான்கு வருடங்களுக்கு முன்னால் அப்படித் திரும்பியபோது, சர்வீஸுக்கு வந்த லாரியில் செந்நிறப் பெண் குதிரை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சாந்தினி. இங்கே அது யார் வாயிலும் நுழையாமல் சாந்தி ஆனது.

வந்த வாரத்திலேயே சாந்தினி சாரதாமணியின் தோளைக் கடித்தது. தீவனக் கூடையோடு பின்னாலிருந்து போனதுதான் தப்பு என்று ரமேஷ்குமார் சொன்னான். தப்பு யாருடையதாக இருந்தாலும் தையல் போட்டது அவள் தோளில். அன்றிலிருந்து தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று தீவனம் கொட்டுவதோடு சரி. மகள் அறிவுச்செல்வி வீட்டில் இருந்தவரை அவள் பார்த்துக்கொண்டாள். அவள் நர்சிங் படிக்கச் சேலம் போய் அஸ்தம்பட்டியில் விடுதியில் சேர்ந்த பிறகு, கரும்பு வெட்டுக்குப் போகும் ராசு காலையும் மாலையும் வந்து தேய்த்துக் குளிப்பாட்டி, வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டி வருவார்.

சாரதாமணிக்குக் கோழிப் பண்ணையில் வேலை. முட்டைகளில் கீறல் விட்டதைத் தனியாக, சின்னதைத் தனியாக எடுத்து அட்டையில் அடுக்கும் பிரிவில் இருந்தாள். பங்குனியில் ஒரு காலை, பண்ணைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ராசு முந்தின நாளே வாழப்பாடியில் ஒரு சாவு என்று போயிருந்தார். சாந்தினி கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தது. சிமெண்டுத் தரையில் அந்த நடையை வருடக்கணக்காகக் கேட்டவளுக்கு, அன்றைக்கு ஓர் அடி லேசாக விழுவதுபோல் பட்டது. தலையைத் திருப்பினாள். குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.

குடித்துவிட்டுத் திரும்பி நடந்தபோது உற்றுப் பார்த்தாள். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை கொஞ்சம் மேலே எழும்பியது. அவ்வளவுதான். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்திருந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது.

அவள் எதிர் வீட்டுக்குப் போய்க் கணவனின் அண்ணன் தங்கமுத்துவை அழைத்து வந்தாள். தங்கமுத்து கோயில் கமிட்டியில் ஒருவர். மறுநாள் தீர்த்தக்குட ஊர்வலம். மோகனூர்க் காவிரியில் தண்ணீர் எடுத்து, மேளத்தோடு ஊர் மாரியம்மன் கோயில்வரை நடந்து வருவார்கள். முதல் குடத்தைக் குதிரைமேல் வைத்துக் கொண்டுவருவது சாந்தினி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். இந்த வருடம் அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள்.

அவர் குதிரையை ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்தார். படுத்து எழுந்ததில் கால் மரத்திருக்கும் என்றார்.

"தலைய ஆட்டுதுங் மாமா."

"குதிரைன்னா தலைய ஆட்டாதா? நாளைக்கு நடந்துதான அம்மிணி போவுது, ஓடவா போவுது. வெறுங்காலோட பொம்பளைங்களே நடக்கறாங்க."

பந்தல்காரன் காத்திருக்கிறான் என்று அவர் போய்விட்டார். சாரதாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். திரும்பிப் பார்த்தபோது சாந்தினி இடது காலை முன்னால் நீட்டி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றிருந்தது. பையைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் பண்ணை மேஸ்திரிக்குப் போன் செய்து தாமதமாகும் என்றாள். பிறகு ரமேஷ்குமாருக்கு வீடியோ கால் போட்டாள்.

அவனுக்குப் பின்னால் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. பாதி பேச்சு கேட்கவில்லை. குதிரை நடப்பதைப் பார்த்தவன் இஞ்சினைவிட்டு விலகிப் போய் நின்று பேசினான். குளம்பில் கல் சிக்கியிருக்கும், தூக்கிப் பார்த்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். ராசு ஊரில் இல்லை என்று அவள் சொன்னாள்.

"நீதான் தூக்கோணும்."

"என்னால ஆவாதுங்க."

"தோள்ல கைய வெச்சு, அப்படியே கால் வழியா தடவிக்கிட்டு கீழ வா. கணுக்கால்கிட்ட அமுக்குனா தானாத் தூக்கும். எதுக்க நிக்காத, பக்கத்துல நில்லு."

போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தாள். குதிரையின் தோளில் கை வைத்தபோது அதன் தோல் சிலிர்த்தது. சாந்தினி கழுத்தை வளைத்து அவளைப் பார்த்தது. பழைய தையல் இருந்த தோள் அதன் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைக் கீழே கொண்டுபோனாள். முழங்கால் சாதாரணமாக இருந்தது. குளம்பைத் தொட்டதும் சூடு தெரிந்தது. வலது குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். அது அவ்வளவு சூடாக இல்லை.

இதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது போன் திரையில் அவன் முகம் அசையாமல் நின்றிருந்தது. லைன் போய்விட்டது.

கணுக்காலை அமுக்கினாள். கால் மேலே வந்தது. அதன் கனத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. குனிந்து, குளம்பைத் தன் தொடைமேல் தாங்கிக்கொண்டு, ராசு குளம்பு சுத்தம் செய்யச் சுவரில் மாட்டி வைத்திருந்த கொக்கியால் அடியில் அப்பியிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கல் எதுவும் இல்லை. குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர்போல் மெத்தென்று இருக்கும் பகுதியின் ஓரப் பள்ளத்தில் கொக்கி பட்டதும் சாந்தினி காலை வெடுக்கென்று இழுத்தது. அவள் விடவில்லை. விரலால் மண்ணைத் துடைத்தாள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஓர் இரும்புத் தலை தெரிந்தது. ஆணி. தலை மட்டும்தான் வெளியே இருந்தது. உள்ளே எவ்வளவு நீளம் போயிருக்கிறதோ தெரியவில்லை.

காலை மெதுவாகக் கீழே விட்டாள். அவள் சேலை வியர்வையில் நனைந்திருந்தது.

ரமேஷ்குமார் மறுபடி கூப்பிட்டபோது ஆணி என்றாள். பிடுங்கிப் போடு, குறடு டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது, முடியாவிட்டால் அண்ணனைக் கூப்பிடு என்றான். அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, அவனே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், தங்கமுத்து குறட்டோடு வந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. எத்தனை மாட்டுக்கு லாடத்து ஆணி பிடுங்கியிருக்கிறேன், மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினால் நாளை காலை பூவாட்டம் நடக்கும் என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரையின் காலைத் தூக்கினார்.

சாரதாமணிக்கும் அது சரி என்றுதான் பட்டது. முள் குத்தினால் எடுப்பதில்லையா. ஆனாலும் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வரும் அரசுக் கால்நடை மருத்துவரின் எண் போனில் இருந்தது. தஹ்சீன் என்று பெயர், சேலத்துப் பெண். எடுத்த பிறகு என்ன மருந்து போடுவது என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டாள்.

"பிடுங்கிட்டீங்களா?" என்று கேட்டார் தஹ்சீன்.

"இல்லீங், இப்பத்தான் மாமா குறடு போடறாரு."

"வேண்டாங்க்கா. நிறுத்தச் சொல்லுங்க. ஆணி உள்ளயே இருக்கட்டும். பிடுங்கிட்டா ஓட்டை மூடிக்கும், அது எது வரைக்கும் போயிருக்குன்னு எக்ஸ்ரேல கண்டுபிடிக்கவே முடியாது. அந்த இடத்துல உள்ள எலும்பு இருக்கு, மூட்டு இருக்கு. ஊன்ற விடாம மட்டும் பார்த்துக்குங்க. நான் வர்றேன்."

சாரதாமணி திரும்பியபோது குறட்டின் வாய் ஆணித் தலையைத் தேடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தங்கமுத்துவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் குனிந்து, குறட்டுக்கும் குளம்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"அம்மிணி, கைய எடு."

"எடுக்க மாட்டனுங் மாமா."

"உம் புருசனே புடுங்கச் சொல்லிட்டான்."

"அவரு அங்க இருக்காருங். நாந்தான் இங்க இருக்கறன்."

"நாளைக்கு ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது? நோட்டீசுல போட்டிருக்குது."

"குதிரைக்குக் கால் ஆவலைன்னு சொல்லுங்."

அவர் குறட்டை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கல்யாணமாகி வந்து இருபது வருடத்தில் அவரிடம் அவள் மறுத்துப் பேசியதில்லை. குதிரை மூன்று காலில் நின்று தள்ளாடத் தொடங்கியது. அவர் காலை அப்படியே விட்டால் ஆணி இன்னும் ஏறும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். "புடி" என்றார். அவள் குளம்பைத் தன் தொடைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் குறட்டை எருக்குழிப் பக்கம் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தனியாகக் குளம்பைத் தாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? தஹ்சீன் போனிலேயே வழி சொன்னார். ஆணி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, முன்னாலும் பின்னாலும் தடிமனாக ஏதாவது வைத்துக் கட்டினால் கால் தரையில் பட்டாலும் ஆணி அழுந்தாது. சாரதாமணி காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றினாள். அதைக் கொக்கியின் கூர்முனையால் கிழிக்கப் பார்த்து முடியாமல், காலைக் கொஞ்ச நேரம் தீவன மூட்டையின்மேல் நுனி மட்டும் படும்படி வைத்துவிட்டு அரிவாள்மணைக்கு ஓடினாள். வெட்டிய துண்டுகளைக் குளம்பின் முன்னும் பின்னும் வைத்து, முட்டைப் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பால் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அவ்வளவு நேரமும் சாந்தினியின் மூச்சு அவள் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் இரு சாமி, கொஞ்சம் இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தஹ்சீன் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, டேப்பைப் பார்த்துத் தலையசைத்தார். ஒளிக்காமல் சொன்னார்: இந்தப் பக்கத்தில் அவர் பார்ப்பது கோழியும் மாடும் ஆடும்தான், குதிரையைப் படிக்கிற காலத்தில் பார்த்ததோடு சரி. அதனால் நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தன் பழைய பேராசிரியரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டெட்டனஸ் என்கிற இசிவு நோய் வராமலிருக்க ஓர் ஊசி போட்டார். மாட்டைவிடக் குதிரைக்கு அது சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார். வலிக்கு ஊசி போடமுடியாதா என்று சாரதாமணி கேட்டாள்.

"இப்ப போட்டா வலி தெரியாம நல்லா ஊனிடும்க்கா. அங்க போற வரைக்கும் வலி இருக்கிறதுதான் நமக்கு நல்லது."

வண்டி கிடைக்கவில்லை. ஊரில் இருந்த மினி லாரியெல்லாம் பந்தல் கம்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் போயிருந்தன. கடைசியில் பண்ணை மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் முனகிவிட்டு, முட்டை இறக்கித் திரும்பிக்கொண்டிருந்த டிரைவர் சின்னராஜை அனுப்பினார். வண்டி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சின்னராஜ் இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டான். சாந்தினி பலகையை முகர்ந்தது, ஓர் அடி வைத்தது, பலகை அசைந்ததும் பின்னால் எகிறியது. உடம்பின் பாரம் முழுதும் வந்து விழுந்தது அந்த இடது கால்மேல். சாரதாமணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது கட்டு அவிழாமல் இருந்தது.

வாய்க்கால் மேட்டில் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் மேடும் வண்டித் தளமும் சமமாக இருக்கும் என்று சின்னராஜ்தான் சொன்னான். ஆனால் அதுவரை குதிரை நடக்க வேண்டும். சாதாரணமாகக் கூப்பிடு தூரம். அன்றைக்கு முடிவே இல்லாமல் நீண்டது. சாரதாமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் தலைக்குப் பக்கத்தில் நடந்தாள். தஹ்சீன் பின்னால் கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் ஊர்வலத்துக்காகப் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தங்கமுத்துவும் அங்கே இருந்தார். ஒருவரும் எழுந்து வரவில்லை. பந்தலைத் தாண்டும் இடத்தில், ராசு தினமும் குதிரையை நடத்திப்போகும் வழியில், மண்ணில் அதே மாதிரித் தலையோடு ஆணிகள் இரண்டு கிடந்தன. சாரதாமணி குனிந்து அவற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைப் பற்றி அப்போதும் அவள் யாரிடமும் பேசவில்லை, பின்னாலும் பேசவில்லை.

மேட்டிலிருந்து சாந்தினி வண்டிக்குள் தயங்காமல் போனது. தளத்தில் கரும்புச் சோகையைப் பரப்பியிருந்தார்கள். சாரதாமணியும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். நாமக்கல்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் சின்னராஜ் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி ஏற்றினான். குதிரையின் கழுத்திலிருந்து வியர்வை சொட்டியது. ஒரு வளைவில் அது நிலைதடுமாறி, தலையைக் கொண்டுவந்து அவள் தோளில் அழுத்தியது. கடிக்கப் போகிறது என்று அவள் உடம்பு விறைத்தது. கடிக்கவில்லை. சாய்ந்து நின்றுகொண்டது. தோளை நகர்த்தாமல் ஆஸ்பத்திரிவரை அப்படியே நின்றாள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது வெளியே நிற்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் நின்றாள். ரமேஷ்குமார் மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் எடுத்தாள். அண்ணன் கோபமாக இருக்கிறார், நீ கொஞ்சம் தன்மையாகப் பேசியிருக்கலாம் என்றான் அவன். குதிரையைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டான். அவள் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் அழைத்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. மகளிடம் மட்டும் பேசினாள்.

பேராசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாக எலும்பு, அதைவிட வெள்ளையாக ஆணி. சாய்வாக ஏறியிருந்தது. எலும்பைத் தொடவில்லை. அடியில் மூட்டை ஒட்டியிருக்கும் நீர்ப்பைக்கும் ஆணி முனைக்கும் நடுவில் இருந்தது ஒரு நெல்லின் அகலம்தான். நேராகப் போயிருந்தால், அல்லது இன்னும் கொஞ்ச தூரம் கெட்டி ரோட்டில் நடந்திருந்தால், பைக்குள் போயிருக்கும் என்றார். அப்படிப் போனால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அப்புறம் குதிரை எழுந்து நிற்பதே கஷ்டம் என்று சொல்லி அவர் படத்தை உறைக்குள் போட்டார்.

காலை மரத்துப்போகச் செய்து ஆணியை எடுத்தார்கள். விரல் நீளம் இருந்தது. ஓட்டையைச் சுற்றிச் செதுக்கி, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, சீழ் பிடிக்கிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர்வலம் குதிரை இல்லாமல் நடந்தது. முதல் குடத்தைப் பூசாரி தலையில் சுமந்து வந்தார். குறை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள் சிலர். அம்மனுக்கு விட்ட குதிரையை நிறுத்தி வைத்தது நல்லதற்கில்லை என்றார்கள் சிலர். அது யாரும் அம்மனுக்கு விட்ட குதிரை அல்ல என்பதைச் சொல்லிக்கொண்டிருக்க சாரதாமணிக்கு நேரம் இல்லை. கட்டு மாற்ற வேண்டும். ஈரம் படாமலிருக்கக் குளம்பின்மேல் குழந்தைக்குப் போடும் டயப்பர் சுற்றச் சொல்லியிருந்தார்கள். மோகனூர் மருந்துக் கடையில் பெரிய சைஸ் கேட்டபோது கடைக்காரர் எத்தனை மாதக் குழந்தை என்றார். குதிரை என்றாள். அவர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் சாந்தினி தீவனத்தைத் தொடவில்லை. குளம்பு கொதித்தது. முன்பு தலையை மட்டும் ஆட்டியது, இப்போது காலையே ஊன்றவில்லை. வாழப்பாடியிலிருந்து திரும்பியிருந்த ராசு அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தஹ்சீன் வருவதற்குள் சாரதாமணி கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குறட்டால் அன்றே பிடுங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தஹ்சீன் கட்டைப் பிரித்து, ஓட்டையின் ஓரத்தில் கொஞ்சம் ஆழமாகக் கீறினார். கறுப்பாகத் தண்ணீர் வந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார், இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார், பேராசிரியருக்குப் போட்டோ அனுப்பினார். பதில் வரும்வரை மூன்று பேரும் குதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாகத்தான் சீழ், உள்ளே போகவில்லை என்று பதில் வந்தது.

"பொழச்சுக்குமுங்களா?" என்று கேட்டாள் சாரதாமணி.

"சாயங்காலம் கால ஊனுதான்னு பாருங்கக்கா. ஊனுச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. ஊனலைன்னாலும் பண்ணுங்க."

பொழுது சாய்வதற்குள் ஊன்றியது. சாரதாமணி உடனே தஹ்சீனுக்குப் போன் போட்டாள். ராசுவும் வாங்கிப் பேசினார்.

அதன் பிறகு நாட்கள் மெதுவாக, பயமில்லாமல் போயின. காலை பண்ணைக்குக் கிளம்பும் முன் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை ஆயிற்று. வைகாசி கடைசியில் தஹ்சீன் வந்து குதிரையைக் கெட்டித் தரையில் ஓட்டிக் காட்டச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி தெரு முனைவரை ஓடினாள். மறுபடி ஓடச் சொன்னார், ஓடினாள். தலை ஆடவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறதா என்று தஹ்சீன் ராசுவைக் கேட்டார். தெரியவில்லை என்றார் அவர்.

ரமேஷ்குமார் ஆடியில் வந்தான். ஒரு சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்று, அவள் குளம்பைத் தொடைமேல் வைத்துச் சுத்தம் செய்வதைப் பார்த்தான். பிடுங்கச் சொன்னது தப்புதான் என்றான். அவள் அடுத்த காலுக்கு நகர்ந்தபடி, அந்த வாளியை இப்படித் தள்ளி வையுங்க என்றாள்.

அடுத்த பங்குனிக்குக் கமிட்டிக்காரர்கள் மறுபடி கேட்டு வந்தார்கள். தார் ரோட்டில் அவ்வளவு தூரம் விட முடியாது என்று அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். சேலத்திலிருந்து கல்யாணத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை ஒன்றை வரவழைத்தார்கள். அவளும் மஞ்சள் சேலை கட்டி, குடம் எடுத்து, அந்தக் குதிரைக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு நடந்தாள். தங்கமுத்து பாதையைத் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லிக்கொண்டு முன்னால் போனார். இப்போது அவர் அவளிடம் பேசுகிறார். கரும்பு வெட்டு, மகளின் படிப்பு, கரண்டு எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். குதிரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவளும் எடுப்பதில்லை.